மழை பெய்யாத தபால் கார்டுகள்

அந்த அம்மாள் பிள்ளைகளுக்கு எழுதிய தபால் கார்டு ஒன்றில்கூட மழை பெய்ததில்லை. கன்னியாகுமரியிலிருந்து வந்தது, பூரியிலிருந்து வந்தது, இமயமலை அடிவாரத்தில் ஏதோ ஓர் ஊரிலிருந்து மூலை கிழிந்து வந்தது, எல்லாவற்றுக்கும் நான்தான் முத்திரை குத்தினேன். எல்லாவற்றிலும் ஆறு அழகாக இருந்தது. ஜனங்கள் நல்ல ஜனங்களாக இருந்தார்கள். கடைசி வரி மட்டும் மாறவே மாறாது. "வழி நல்ல வழி."

அடுத்தவர் கார்டைப் படிக்கலாமா என்று கேட்பீர்கள். திறந்து கிடக்கிற கார்டைப் படிக்காத போஸ்ட்மாஸ்டர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். தவிர, அவை என் கைக்கே வந்தவை. "பிள்ளைக்காம்பராப் பிள்ளைகளுக்கு. போஸ்டம்மா படித்துக் காட்டவும்" என்று விலாசத்திலேயே எழுதியிருக்கும். அவருடைய ஒரே ஒரு கார்டில் மட்டும் நான் செய்யக்கூடாத காரியம் ஒன்றைச் செய்தேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்லி முடிக்க முடியாது, அதனால் சொல்லத்தான் போகிறேன்.

நடுவட்டத்திலிருந்து உள்ளே பிரிகிற எஸ்டேட் ரோட்டில் ஒற்றை அறைத் தபால் ஆபீஸ் எங்களுடையது. நான் உடுமலைப் பக்கத்துக்காரி. மூன்று ஸ்வெட்டர் போட்டும் பல் கிட்டிக்கும் உடம்பு. எங்களைச் சுற்றி லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எல்லாம் சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற இடத்துக்கு அவர்கள் பிள்ளைக்காம்பரா என்று பெயர் சொல்வார்கள். அந்தப் பிள்ளைக்காம்பராவின் ஆயாதான் இந்த அம்மாள். நாற்பத்தைந்து தாண்டியிருக்கும். குள்ளம். சேலைக்கு உள்ளே ஆண்பிள்ளை பேன்ட், தலையில் குல்லாய். லயத்து ஜனம் ஆயா என்றது. ரோட்டோரக் கடைக்காரர்களும் பஸ்காரர்களும் சைக்கிள்காரம்மா என்றார்கள்.

வெயில் காலத்தில் இரண்டு மாதம் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு, பார் வைத்த ஆண்கள் சைக்கிளில் கிளம்பிவிடுவார். இந்தியாவில் பாதியைச் சுற்றியிருந்தார். கூட யாரும் கிடையாது.

"இந்த மலையில எப்படீங்க சைக்கிள் ஓட்டறீங்க?" என்று வந்த புதிதில் கேட்டேன்.

"ஏத்தத்துல நான் அதத் தள்ளுவேன் போஸ்டம்மா. எறக்கத்துல அது என்னயத் தள்ளும். ரெண்டு பேருக்கும் சண்டையே வந்ததில்ல."

திரும்பி வந்ததும் எழுத உட்காருவார். எஸ்டேட் ஆபீசில் ஆள்கணக்கு எழுதித் தீர்ந்த தாள்களின் பின்பக்கம், பென்சிலில். அதைச் சென்னையில் ஒரு வாரப்பத்திரிகை தொடராகப் போட்டது. படித்துவிட்டு யார் யாரோ கடிதம் எழுதுவார்கள். ஒரு பெண் தன் கம்மலை அடகு வைத்து சைக்கிள் வாங்கிவிட்டதாக எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு அந்த அம்மாள் அன்றைக்குப் பூராவும் பிள்ளைகளுக்குப் பாட்டாகப் பாடித் தள்ளினார்.

ஒருமுறை அவருடைய தாள்களை உறையில் போட்டு ஒட்டும்போதுதான் கவனித்தேன். அங்கங்கே ரப்பர் வைத்து அழித்த இடங்கள் பளபளத்தன. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் அழித்தது தெரியும். "ஆற்றில் விழுந்தேன்" என்று எழுதி, "விழுந்தேன்" என்பதை அழித்து, "இறங்கினேன்" என்று எழுதியிருந்தார்.

அந்தப் பயணத்திலிருந்து வந்த கார்டு எனக்கு நன்றாக நினைவிருந்தது. "இன்று ஒரு நீளமான பாலம். தண்ணீர் பளிங்கு மாதிரி." ஆள் திரும்பி வந்தபோது இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. என்ன ஆயிற்று என்று பத்து முறை கேட்ட பிறகு சொன்னார்.

"பாலத்துல லாரிக்காரன் ஒதுக்கிட்டான். கீழ போயிட்டேன். ஆனா தண்ணி பளிங்குதாங்க, பக்கத்துல இருந்து பாத்தேன்."

நாய்க்கதை இன்னும் மோசம். "இந்த ஊர் நாய்களுக்கு விருந்தாளி என்றால் உயிர்" என்று பத்திரிகையில் எழுதியிருந்தார். அதை எழுதிய வாரம் முழுக்க கூடலூர் ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நடந்ததை நடந்த மாதிரி எழுதினால் கை சுளுக்கிக்கொள்ளுமா என்று நேராகவே கேட்டிருக்கிறேன். குல்லாயைக் காதுக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டு போய்விடுவார்.

காரணம் எனக்குத் தெரிந்தது ஒரு பார்சலால். சிலோனில் இருந்த அவருடைய அக்கா இரண்டு மாதத்துக்கு ஒரு பார்சல் அனுப்புவாள், அம்மாவின் மூட்டுவலிக்குத் தைலம். எப்போதும் இவர் பெயருக்கு வருகிற பார்சல் அந்த முறை அம்மாவின் பெயருக்கே ரிஜிஸ்டராகி வந்துவிட்டது.

"அம்மாவக் கூட்டிட்டு வாங்க. அவியதான் கையெழுத்துப் போடோணும்."

"அம்மாவுக்கு நடக்க ஏலாதுங்க."

"சேரி, சாயங்காலம் நானே லயத்துக்கு வாறேனுங்க. உங்க ஊட்டையும் பாத்த மாதிரி ஆச்சு."

அவர் நகரவில்லை. கவுன்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அம்மா இல்லீங்க. செத்துப்போச்சு."

"அட சாமி! எப்பங்க?"

"கப்பல்ல வந்து எறங்குன பத்தாம் நாளு."

நான் மனதில் கணக்குப் போட்டேன். இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல். அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னார். அக்காவுக்கு அந்த நாட்டுக் குடியுரிமைக் காகிதம் கிடைத்து அங்கேயே தங்கிவிட்டாள். அம்மாவின் பெயரும் இவருடைய பெயரும் இந்தியாவுக்குப் போகிற பட்டியலில் இருந்தன. அக்கா அப்போது நிறைமாதக்காரி. கப்பல் ஏறும்போது அம்மா சொன்னாளாம், "அவளுக்கு அழுது எழுதிறாத. அவ அங்க சோறு திங்க மாட்டா." இறங்கிய பத்தாம் நாள் அம்மா போய்விட்டாள். இவர் முதல் கடிதத்தில் "அம்மா நல்லா இருக்கா" என்று எழுதினார்.

"மொத மாசம் சொல்லல. ரெண்டாம் மாசம் சொன்னா, மொத மாசம் ஏன் சொல்லலன்னு கேப்பா. அப்பிடியே சேந்துருச்சுங்க. இப்ப எங்குட்டுத் தொடங்குறது, சொல்லுங்க?"

அவருடைய கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. பிறகு ஒருநாள் பார்த்தேன். உடைக்காத தைலப் புட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன, பெட்டி மூட முடியாத அளவுக்கு.

அக்கா அந்த வாரப்பத்திரிகையையும் படிப்பாளாம். வெள்ளிக்கிழமை அங்கே டவுன் கடைக்கு வந்துவிடும், தங்கச்சி எழுதியதைப் படித்துவிட்டுத்தான் உலையே வைப்பாள். அதனால்தான் பத்திரிகையிலும் யாரும் விழக்கூடாது, நாய் கடிக்கக்கூடாது. பெறுபவர் இறந்துவிட்டார் என்று சிவப்பு மையில் எழுதி அந்தப் பார்சலை நான் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். சட்டம் அப்படித்தான். அவர் என் சிவப்புப் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்சலை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன்.

அதற்கு அடுத்த வருஷம் தேயிலை விலை விழுந்தது. முதலில் துரையின் ஜீப் வருவது நின்றது. அப்புறம் ஃபேக்டரிப் புகை நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து எஸ்டேட் கிளார்க்குகள் பெட்டி படுக்கையோடு வேன் ஏறிவிட்டார்கள். கூலி கிடையாது, ரேஷன் கிடையாது. பிள்ளைக்காம்பராவுக்கு வந்துகொண்டிருந்த பால்பவுடரும் மத்தியானக் கஞ்சியும் நின்றன. லயத்து ஜனங்கள் தாங்களே கொழுந்து பறித்து வெளி ஃபேக்டரிகளுக்குத் தூக்கிப்போய்ப் பார்த்தார்கள். அங்கே இருக்கிற இலையையே எடுக்க ஆளில்லை. காத்துக்கிடந்த மூட்டைக்குள் கொழுந்து சூடேறிச் சிவந்துவிட்டது. பள்ளத்தில் கொட்டிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். ஆம்பிளைகள் திருப்பூருக்கும் கேரளாவுக்கும் வேலை தேடிப் போனார்கள். போனவர்களிடமிருந்து மணியார்டர் வருமா என்று பெண்கள் தினமும் என் ஆபீஸ் படியில் வந்து உட்கார்ந்தார்கள். "இன்னிக்கும் வரலீங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு என் வாயைக் கண்டாலே பிடிக்காமல் போயிற்று.

ஒரு காலை வரும் வழியில் தேயிலைச் செடி முழுக்க வெள்ளைப் பூ. நடுவில் மஞ்சள் பொடி. நான் அதுவரை அப்படிப் பார்த்ததில்லை. ஒரு கிளையை ஒடித்து, மைப்புட்டியில் தண்ணீர் ஊற்றிக் கவுன்டரில் வைத்தேன். செல்வி என்று ஒருத்தி, புருஷன் திருப்பூர் போனவள், மூன்று வயது மகள் மல்லிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். பூவைப் பார்த்ததும் அவள் முகம் செத்துவிட்டது.

"அத எடுத்துருங்கம்மா."

"ஏனுங்க செல்வி, நல்லாத்தான இருக்குது?"

"கொழுந்து எடுக்காத செடிதாம்மா பூக்கும். நாங்க பட்டினி கெடந்தாத்தான் அது பூக்கும்."

எடுத்துத் தூர எறிந்தேன். வெட்கமாக இருந்தது.

பிள்ளைக்காம்பரா உத்தரத்தில் கொழுந்து நிறுக்கிற தராசு ஒன்று தொங்கும். திங்கட்கிழமைதோறும் அந்த அம்மாள் பிள்ளைகளைப் படங்கு என்கிற சாக்குத் துணியில் தூளி மாதிரி கட்டி அதில் நிறுப்பார். எடையைச் சத்தமாகச் சொல்வார், பிள்ளைகள் கைதட்டும். அந்த மாதம் சத்தமாகச் சொல்வதை நிறுத்திவிட்டார். லயத்துக்காரர்கள் அரசாங்கத்துக்கு மனுக்கள் எழுதினார்கள், போய்ச் சேர்ந்ததற்கு ஒப்புகைச் சீட்டுகளும் வந்தன. வேறு எதுவும் வரவில்லை. அப்போதுதான் செல்வியும் நாலைந்து பெண்களும் அவரைக் கையைப் பிடித்து என் ஆபீசுக்கு இழுத்து வந்தார்கள்.

"ஆயா எழுதுனா மெட்ராஸ்ல போடுறாங்க. நம்ம கஷ்டத்த எழுதச் சொல்லுங்கம்மா."

நானும் சேர்ந்து சொன்னேன். நாலு நாள் எடுத்துக்கொண்டு எழுதினார். உறையை ஒட்டிக் கொண்டுவந்ததால் நான் படிக்கவில்லை. ரிஜிஸ்டர் செய்து அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துப் பத்திரிகை வந்தது. படியில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு உரக்கப் படித்தேன். எனக்கு இன்னும் மனப்பாடம்.

"எங்கள் மலையில் தேயிலை பூத்திருக்கிறது. மேல் டிவிஷனிலிருந்து கீழ் டிவிஷன் வரை ஒரே வெள்ளை. இத்தனை பூவை நான் பார்த்ததே இல்லை. கொழுந்துக்குப் போன தாய்மார்கள் இப்போது நாள் முழுக்கப் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். லயத்தில் அடுப்புப் புகை குறைந்துவிட்டதால் எதிர்மலை தெளிவாகத் தெரிகிறது. பதினெட்டுப் பிள்ளைகளும் சத்தம் போடாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். வழி நல்ல வழி."

படித்து முடித்து நிமிர்ந்தேன். பெண்கள் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்கள். செல்வி அந்த அம்மாளின் கையைப் பிடித்து, "எல்லாத்தையும் எழுதிட்டீங்க ஆயா, ஒண்ணு விடல" என்றாள். அவரும் தலையை ஆட்டினார். அவரால் முடிந்த அளவுக்கு மனதைக் கல்லாக்கிக்கொண்டு உண்மையைச் சொல்லியிருந்தார். கீழே இருப்பவர்கள் இதை எப்படிப் படிப்பார்கள் என்று எனக்கு மட்டும் பயமாக இருந்தது. நான் கீழிருந்து வந்தவள். பூவை ஒடித்து மைப்புட்டியில் வைத்தவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயமுத்தூரிலிருந்து ஒரு வேன் வந்தது. இரண்டு குடும்பம், கையில் அந்தப் பத்திரிகை.

"ஏனுங்க, தேயிலைப் பூ பூத்திருக்கறது எந்தப் பக்கமுங்க?"

நல்ல மனிதர்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. செடிகளுக்கு நடுவில் நின்று போட்டோ எடுத்தார்கள். பிள்ளைகளுக்கு பிஸ்கட் கொடுத்தார்கள். பிள்ளைகள் அதைத் தின்ற வேகத்தைப் பார்த்து ஓர் அம்மாள், "குளுருக்குப் பசி நல்லா எடுக்குமாட்ட இருக்குதுங்க" என்றார். இன்னொருத்தர் மல்லிகாவைத் தூக்கி, "பொம்மையாட்ட இருக்கறா பாருங்க, கனமே இல்ல" என்று எங்களிடம் காட்டினார்.

லயத்துப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். விஷயம் தெரிந்துதானே வந்திருக்கிறார்கள், அரிசிப் பேச்சை அவர்களே எடுக்கட்டும் என்று காத்திருந்தார்கள். தாங்களாகக் கேட்க அவர்களுக்கு நாக்கு எழவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது. ஜன்னல் வழியே பூங்கொத்துகள் நீட்டிக்கொண்டு போயின.

"அவங்களுக்கு வெளங்கலயா ஆயா?" என்று செல்வி கேட்டாள்.

அந்த வாரம் கடைசி லயத்துக் கைக்குழந்தை ஒன்று வயிற்றுப்போக்கில் இறந்தது. தாய்க்குப் பால் வற்றி ஒரு மாதமாகியிருந்தது. குழியில் இறக்கக் குழந்தையைக் கையில் வாங்கியவர் இந்த அம்மாள்தான். மண்ணைக் கழுவாத கையோடு நேராக என்னிடம் வந்தார்.

"போஸ்டம்மா, பூத்துருச்சுன்னு எழுதினேனே. அதுக்கு மேல என்னாங்க எழுதுறது?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

"கீழ இருக்கறவீங்களுக்குப் பூன்னா பூத்தானுங்க! பசிங்கோணும். செத்துப்போச்சுங்கோணும். உங்க அக்கா ஒருத்தி சோறு திங்கோணும்னு இங்க எத்தன பேரு திங்காமக் கெடக்கறது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அவர் மடங்காத விரல்களைத் தடவிக்கொண்டார்.

"எழுத ஏலாதுங்க. நேர்ல போய்ச் சொல்றேன். வாயால சொன்னா அக்காவுக்குக் கேக்காதுல்ல?"

சென்னைக்குச் சைக்கிளில் போய்ப் பத்திரிகை ஆபீசில் நேரில் சொல்லப் போகிறாராம். இரண்டு மாதமாக அவரும் அரை வயிறுதான். பஸ்ஸில் போங்கள், டிக்கெட் நான் எடுக்கிறேன் என்றேன். அந்தக் காசைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்றுவிட்டார். பத்துத் தபால் கார்டு எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"போற வழியில எனக்கு எழுதுங்க. ஒரு கார்டுலயாவது மழை பேயட்டும்."

மறுநாள் காலை கிளம்பினார். பிள்ளைகள் சைக்கிள் மணியை ஆளுக்கொரு தடவை அடித்தார்கள்.

மேட்டுப்பாளையத்திலிருந்து முதல் கார்டு. "இறக்கம் சுகம். வழி நல்ல வழி." அதைத் தூக்கி மேஜையில் அடித்தேன். அவிநாசியிலிருந்து ஒன்று, பெருந்துறையிலிருந்து ஒன்று, இரண்டிலும் நல்ல ஜனங்கள். சேலத்துக் கார்டில் "கால் கொஞ்சம் கனம்" என்று இருந்தது. அதற்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் எட்டு நாள் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் வந்த கார்டில் முத்திரை மை தேய்ந்து ஊர்ப்பெயர் தெரியவில்லை. பொடி எழுத்தில் ஓரமெல்லாம் சுற்றி எழுதியிருந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். ஓரிடத்தில்கூட ரப்பர் பட்டிருக்கவில்லை.

"போஸ்டம்மா, மூன்று நாளாக மழை. கால் வீங்கி ரோட்டில் விழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் போட்டிருக்கிறார்கள். சென்னைக்குப் போய்ச் சேர மாட்டேன். எங்கள் பிள்ளைகள் பசியில் கிடக்கிறார்கள். ஒரு பிள்ளை செத்துப்போய்விட்டது. என் கையால் புதைத்தேன். என் அம்மாவும் பசியில்தான் செத்தாள். தன் கஞ்சியை எனக்கு ஊற்றிவிட்டு, குடித்துவிட்டேன் என்று சொன்னாள். அவள் செத்த பிறகும் நல்லா இருக்கோம் என்று அக்காவுக்கு எழுதினேன். பிள்ளை சாகக் கிடந்தபோது தேயிலை பூத்திருக்கிறது என்று எழுதினேன். எனக்குப் பயமாக இருக்கிறது. வழி நல்ல வழி இல்லை."

அந்தக் கார்டு எனக்கு எழுதியது. எனக்கு மட்டும் எழுதியது. அவரிடம் கேட்கலாம் என்றால் எந்த ஊர் ஆஸ்பத்திரி என்று தெரியாது. வெளியே படியில் செல்வி உட்கார்ந்திருந்தாள். மடியில் மல்லிகா. அழுவதைக்கூட நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறந்தபடி கிடந்தாள்.

அம்மாவைப் பற்றிய வரிகளை மட்டும் அடித்துவிடலாம் என்று பேனாவை எடுத்தேன். அடித்துவிட்டால் மிச்சம் இருப்பது இன்னொரு மனு. மனுவுக்கு என்ன வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த வரிகள் இருந்தால்தான் படிக்கிறவன் எழுந்து உட்காருவான். வெள்ளிக்கிழமை சிலோனில் கடைக்கு வருகிற பத்திரிகை, அதைப் படித்துவிட்டு உலை வைக்கிற பெண், எல்லாம் தெரிந்துதான் பேனாவை மூடினேன். கார்டை அப்படியே உறையில் போட்டு, எஸ்டேட் விலாசத்தையும் எழுதி, அன்றைய பையிலேயே பத்திரிகைக்கு அனுப்பினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

கார்டை அச்சு அசலாகப் படம் பிடித்துப் போட்டார்கள். பத்தே நாளில் லாரி வந்தது. அரிசி, பருப்பு, பால்பவுடர். பின்னாலேயே அதிகாரிகள் வந்தார்கள், டாக்டர் வந்தார். பிள்ளைக்காம்பராவில் தட்டு வைத்தபோது பதினேழு பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். மல்லிகா கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டு விழுங்கத் தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள். செல்வி தொண்டையைத் தடவிக் கொடுக்கக் கொடுக்க விழுங்கினாள்.

மூன்று வாரம் கழித்து அந்த அம்மாள் திரும்பினார். பஸ்ஸிலிருந்து அவர் இறங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சைக்கிள் இல்லை, கையில் ஒரு கம்பு. நான் வார்த்தைகளைத் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். பத்திரிகையை எடுத்து நீட்டினேன். நின்றபடியே இரண்டு முறை படித்தார்.

"நல்லா போட்டுருக்காங்க. தப்பில்லாமப் போட்டுருக்காங்க." மடித்துத் திருப்பிக் கொடுத்தார். "இது வெள்ளிக்கிழமையே அங்க கடைக்கு வந்துருக்கும்ல?"

"வந்திருக்குமுங்க."

"ம்."

"என்ர மேல கோவமுங்களா?"

"பிள்ளைக சாப்புடுறாங்க போஸ்டம்மா" என்றார். நான் கேட்டதற்கு அது பதில் இல்லை. நேராகப் பிள்ளைக்காம்பராவுக்குப் போய்ப் படங்கைக் கட்டி மல்லிகாவைத் தராசில் உட்காரவைத்தார். எடையைச் சத்தமாகச் சொன்னது ரோடு வரை கேட்டது.

அதற்குப் பிறகு சிலோனிலிருந்து பார்சல் வரவில்லை. கடிதமும் இல்லை. அவர் மூன்று கடிதம் போட்டார், நான்தான் முத்திரை குத்தினேன். வெள்ளிக்கிழமைதோறும் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து, மணியார்டர் கேட்கிற பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்பார். தன் முறை வந்ததும் கேட்பார்.

"சிலோன் தபால் இருக்குங்களா?"

"இல்லீங்க."

"சரிங்க."

இரண்டு வருஷம் இப்படியே. பத்திரிகைக்காரர்கள் புதுத் தொடர் கேட்டு எழுதினார்கள். எழுத ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். நான் செய்தது சரிதான் என்று பதினேழு தட்டைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். வெள்ளிக்கிழமை வந்தால் அது நிற்காது. எத்தனையோ தடவை, அந்த அக்காவின் பெயரில் நானே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். கையெழுத்து தெரிந்துவிடும் என்ற பயத்தில் விட்டேன்.

எனக்கு உடுமலைக்கே மாற்றலாயிற்று. கிளம்புகிற அன்று என் விலாசம் எழுதிய கார்டுகள் பத்தை அவரிடம் கொடுத்தேன். எட்டு மாதம் கழித்து ஒன்று வந்தது, அதே பென்சில் எழுத்தில்.

"போஸ்டம்மாவுக்கு, நலம். எஸ்டேட்டில் மறுபடி கொழுந்து எடுக்கிறார்கள். மல்லிகாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று. அக்காவிடமிருந்து கடுதாசி வந்தது. கோபம் ஒன்றும் இல்லையாம். அம்மாவுக்கு அங்கே விளக்கு ஏற்றினாளாம். நீங்கள் மனதைப் போட்டு வருத்திக்கொள்ள வேண்டாம். வழி நல்ல வழி."

ஆபீஸ் என்றும் பாராமல் அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கார்டை ஜன்னல் பக்கம் எடுத்துப்போய் வெளிச்சத்தில் பிடித்தேன். "கடுதாசி வந்தது" என்ற இடத்தில், "வந்தது" என்ற சொல்லுக்கு அடியில் தாள் பளபளத்தது.

அன்றைக்கு உடுமலையில் காலையிலிருந்து அடைமழை. நான் ஒரு கார்டை எடுத்து உடனே பதில் எழுதினேன். "அக்கா கடுதாசி போட்டதில் ரொம்பச் சந்தோஷமுங்க. நான் நல்லா இருக்கிறேன். இங்கே நல்ல வெயில்."